மல்லாட்டை மூட்டையும் மார்க்கெட்டிங் டாக்டர் பட்டமும்

மார்க்கெட்டிங்கில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "விக்கிறதுக்குக் கூடவா டாக்டர் பட்டம்?" என்பதுதான். மார்க்கெட்டிங் என்றால் கழுத்தில் டை, தோளில் பை, மாதக் கடைசியில் டார்கெட் என்றே நம் மனதில் பதிந்துவிட்டது. அப்பா அம்மாவுக்கு அதில் ஒரு பயமும் உண்டு. பி.காம்., எம்.காம்., எம்.பி.ஏ. என்று ஏற்கெனவே ஐந்து வருடம் போய்விட்டது. இன்னும் ஐந்து வருடம் படித்து என்ன வேலைக்குப் போவது?

என்னிடம் இப்படிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. இந்தப் படிப்பு எங்கே பிறந்தது, யார் யார் அதைப் படித்து என்ன செய்தார்கள், நம் ஜில்லாவுக்கும் அதற்கும் என்ன உறவு என்று கொஞ்சம் சரித்திரம் சொன்னால்தான் பதில் பிடிபடும். அதனால் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம ஊர்ச் சரக்கிலிருந்து தொடங்குவோம். ஊரெல்லாம் வேர்க்கடலை, நிலக்கடலை என்பார்கள். நமக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது மருவி வந்த பெயர். பழைய தென்னாற்காடு ஜில்லாவின் செம்மண் மேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே மல்லாட்டை பணப்பயிர் ஆகிவிட்டது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக அது பிரான்சின் மார்செய் நகரத்துக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெய் ஆனது, சோப்பு ஆனது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் இந்த வியாபாரத்துக்கு வேகம் கூடியது. செஞ்சிப் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய குடியானவருக்கு மார்செய் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அவர் வீட்டுக் கல்யாணச் செலவை நிர்ணயித்தது அங்கே இருந்த விலைதான்.

நடுவில் எத்தனை கை! கிராமத்து வியாபாரி, முன்பணம் கொடுத்த சாவுகார், மண்டிக்காரர், தரகர், ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள். விலை பேசுவதும் வெளிப்படையாக இல்லை. துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கும் குடியானவருக்குத் தன் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்றே தெரியாது. எடையில் ஒரு கழிவு, கூலியில் ஒரு கழிவு, கோயிலுக்கு, தர்மத்துக்கு என்று இன்னொரு கழிவு. மிச்சம் கையில் வருவதுதான் விலை.

இதைச் சரி செய்யத்தான் சட்டம் வந்தது. 1928இல் வந்த ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கை, ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று வற்புறுத்தியது. சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933இல் நிறைவேறியது. அதன்படி முதல் விற்பனைக்கூடம் பருத்திக்காகத் திருப்பூரில் 1936இல் வந்தது. மத்திய அரசில் விவசாய விற்பனை ஆலோசகர் என்ற பதவி 1935இல் உண்டானது. தரம் பிரித்து முத்திரை இடும் அக்மார்க் சட்டம் 1937இல் வந்தது. இன்றைக்கு விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, அவலூர்பேட்டை என்று நாம் "கமிட்டி" என்று சுருக்கிச் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு சீட்டில் விலை எழுதிப் போட, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. துண்டுக்குள் இருந்த கை சீட்டுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். 1940இல் வெளிவந்த டி.எம்.வி.-2 பல பத்தாண்டுகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரானது. ஆந்திராவில், கர்நாடகத்தில் விதை கேட்ட விவசாயி, தன்னை அறியாமல் நம்ம ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். ஒரு பெயர் நம்பிக்கையாக மாறுவதைத்தான் மார்க்கெட்டிங் பாடத்தில் பிராண்ட் என்கிறார்கள்.

சரி, இதற்கும் டாக்டர் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. மார்க்கெட்டிங் என்ற பாடம் சோப்பு விளம்பரத்திலிருந்து மட்டும் பிறந்ததல்ல. அதன் முக்கியமான வேர்களில் ஒன்று, விவசாயியின் சரக்குக்கும் சாப்பிடுகிறவன் தட்டுக்கும் நடுவில் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டேவிட் ஜோன்ஸ் என்பவர் 1902இல் பொருள் விநியோகத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். இந்தத் துறையின் முதல் வகுப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அப்புறம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எல்.டி.எச். வெல்ட் 1913 வாக்கில் பாடம் எடுக்க வந்தார். படிக்கப் புத்தகம் இல்லை. என்ன செய்தார்? வெண்ணெயும் முட்டையும் பண்ணையை விட்டுக் கிளம்பி நகரத்துக் கடை வரை எந்தெந்தக் கை மாறிப் போகின்றன, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு காசு தங்குகிறது என்று அவற்றின் பின்னாலேயே போய்க் கணக்கெடுத்தார். 1916இல் அது புத்தகமாக வந்தது. இடைத்தரகன் என்றாலே திருடன் என்று எல்லோரும் திட்டிய காலத்தில், அவன் செய்கிற வேலை என்ன, அதற்கு என்ன கூலி நியாயம் என்று நிதானமாகக் கேட்ட புத்தகம் அது.

அதே 1916இல் நம் ஜில்லாவிலும் ஒரு காரியம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்திலிருந்து 1915இல் வந்தவர். புத்தகத்திலுள்ள இங்கிலாந்துப் பொருளாதாரத்தை ஒப்பிப்பதில் பிரயோசனம் இல்லை என்று, மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், என்ன பயிர், என்ன கடன், எங்கே விற்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு. இன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம், திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர். 1918இல் ஸ்லேட்டரின் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய புத்தகம் வந்தபோது இருவேல்பட்டும் அதில் ஏறியது.

அத்தோடு விடவில்லை. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களைத் திரும்ப ஆராய்ந்தார்கள்; அது 1940இல் புத்தகமானது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் வந்தார்கள். பிறகு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 1916 முதல் 2008 வரை அந்த ஊர் எப்படி மாறியது என்று 2010இல் எழுதினார்கள். உலகத்திலேயே இவ்வளவு நீண்ட காலம் மீண்டும் மீண்டும் படிக்கப்பட்ட கிராமங்கள் மிகச் சிலதான். அப்படி ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் ஒன்று கவனியுங்கள். அமெரிக்காவில் வெல்ட் செய்த வேலை மார்க்கெட்டிங் என்ற தனித் துறையாக வளர்ந்தது. 1936இல் அதற்கென்று ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் என்ற ஆய்வு இதழ், 1937இல் அமெரிக்க மார்க்கெட்டிங் சங்கம் என்று வேர் பிடித்தது. நம் நாட்டில் அந்த வேலை பொருளாதாரத் துறையிலும் வேளாண்மைத் துறையிலும் தங்கிவிட்டது. வணிகவியல் துறை கணக்குப்பதிவு, கம்பெனிச் சட்டம், வங்கி என்று வேறு பக்கம் போனது. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் தொடங்கிய பிறகுதான் மார்க்கெட்டிங் தனிப் பாடமாக இங்கே மதிப்புப் பெற்றது. அகமதாபாத்தில் முனைவர் படிப்புக்கு இணையான ஃபெலோ திட்டம் 1971இல் வந்தது.

இதற்கு நடுவில் சென்னையிலிருந்து சிலர் கடல் தாண்டிவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஜகதீஷ் சேத். 1938இல் ரங்கூனில் பிறந்த குஜராத்தி. ஜப்பான் படை பர்மாவை நெருங்கியபோது குடும்பம் அகதியாக இந்தியா வந்தது. பின்பு சென்னையில் நிலைத்தது. லயோலா கல்லூரியில் பி.காம். படித்தார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்து, 1966இல் டாக்டர் பட்டம் பெற்றார். தன் குரு ஜான் ஹோவர்டுடன் சேர்ந்து அவர் எழுதிய, வாங்குபவரின் நடத்தையை விளக்கும் கோட்பாட்டு நூல் 1969இல் வெளிவந்தது. இன்றைக்கும் நம் ஊர் எம்.காம். வகுப்பில் ஹோவர்ட் - சேத் மாடல் என்று படம் போட்டு நடத்துகிறார்கள். 2020இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. தன் வரலாற்றுக்கு அவர் வைத்த பெயரே தற்செயலாக அறிஞர் ஆனவர் என்ற பொருள் தருவது. மார்க்கெட்டிங் முனைவர் பட்ட மாணவர்களுக்கு அமெரிக்க மார்க்கெட்டிங் சங்கம் நடத்தும் வருடாந்திரக் கூடலில் இன்று அவர் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது.

அந்தக் கோட்பாட்டை நம் ஊர் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். ஒருவர் முதன்முதலாக போர்வெல்லுக்கு மோட்டார் வாங்குகிறார். பத்து பேரைக் கேட்பார்; விழுப்புரத்தில் நாலு கடை ஏறி இறங்குவார்; பக்கத்துக் கொல்லைக்காரர் என்ன வாங்கினார், மெக்கானிக் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார். இரண்டாவது மோட்டாருக்கு இரண்டு பேரைக் கேட்டால் போதும். துணி துவைக்கிற சோப்புக்கு யாரையும் கேட்பதில்லை. கை தானாகப் போகும். வாங்குவது என்பது ஒரு கற்றல், அது மூன்று படியாக நடக்கிறது என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். கேட்டவுடன் "இது தெரியாதா" என்று தோன்றும். தெரிந்ததை ஒழுங்காக அடுக்கி, சோதித்துப் பார்க்கும்படி சொல்வதுதான் ஆராய்ச்சி.

அடுத்தவர் வி. சீனு ஸ்ரீனிவாசன். சென்னை ஐஐடியில் 1966இல் பொறியியல் முடித்தவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1971இல் டாக்டர் பட்டம். பிறகு ஸ்டான்ஃபோர்டில் நெடுங்காலம் மார்க்கெட்டிங் பேராசிரியர். கான்ஜாயின்ட் அனாலிசிஸ் என்ற ஆய்வு முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1978இல் பால் கிரீனுடன் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் அத்துறையில் வந்தவர்கள் படிக்காமல் போவதில்லை. அது என்ன முறை? திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகிற ஒருவரிடம், "உனக்குக் கட்டணம் முக்கியமா, நேரம் முக்கியமா, உட்கார இடம் முக்கியமா?" என்று கேட்டால் எல்லாம் முக்கியம் என்பார். அதில் ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பதில், குறைந்த கட்டணம் ஆனால் நின்றுகொண்டு போகும் பஸ், கூடுதல் கட்டணம் ஆனால் சீக்கிரம் போகும் பஸ் என்று சில முழுமையான பயணங்களைக் காட்டி, எது முதல், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். அந்த வரிசையிலிருந்து அவர் மனதில் ஒவ்வொன்றுக்கும் என்ன எடை என்று கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். நாம் வாயால் சொல்வது ஒன்று, தேர்ந்தெடுப்பது ஒன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கால் பிடிக்கிற வேலை அது.

மூன்றாமவர் வி. கஸ்தூரி ரங்கன். சென்னை ஐஐடி, அகமதாபாத் ஐஐஎம், பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஹார்வர்டில் மார்க்கெட்டிங் பேராசிரியர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி 1993இல் ஒரு பாடக்கதை எழுதினார். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி, உலகத்து வணிகப் பள்ளிகளில் பாடமானது. அதில் ஒரு மார்க்கெட்டிங் படிப்பினை உண்டு. கண்புரை ஆபரேஷன் இலவசம் என்று சொன்னாலும் கிராமத்து ஏழை வரவில்லை. ஏன்? பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, கூட ஒரு ஆள் வந்தால் அவருடைய கூலி நஷ்டம், அதற்கு மேல் பயம். இலவசத்துக்கும் விலை உண்டு என்று புரிந்துகொண்ட பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவிட்டார்கள். வந்தார்கள், கண் பெற்றார்கள். மார்க்கெட்டிங் என்றால் ஏமாற்று வித்தை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நான்காவதாக ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் மார்க்கெட்டிங் பேராசிரியர் அல்ல, நிறுவன உத்தி பற்றி ஆராய்ந்தவர். ஆனால் நம் ஜில்லாக் கதை அவரிடம்தான் போய்ச் சேர்கிறது. சி.கே. பிரகலாத். லயோலாவில் இயற்பியல், அகமதாபாத் ஐஐஎம், 1975இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம். 1902இல் ஜோன்ஸ் முதல் வகுப்பு எடுத்த அதே இடம். பிரமிடின் அடித்தளத்தில் இருக்கும் ஏழை மக்களையும் மதிப்புள்ள வாடிக்கையாளராகப் பார்த்தால் கம்பெனிக்கும் லாபம், அவர்களுக்கும் நன்மை என்று 2004இல் அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் பேசப்பட்டது. சின்னச் சின்னப் பொட்டலமாக விற்பது அந்த வாதத்தின் முக்கியமான தூண்களில் ஒன்று.

அந்தச் சின்னப் பொட்டலம் எங்கிருந்து வந்தது? கடலூரிலிருந்து! 1993 செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியும் வரை கடலூர்தான் நமக்கு ஜில்லாத் தலைநகரம். அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர், காசுள்ளவர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்ற எண்ணத்தில் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்றார். அவருடைய பிள்ளைகள் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்தார்கள். வெல்வெட் ஷாம்பு வந்தது. இளையவர் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகப் பிரிந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார். கொஞ்ச நாள் கழித்து, சிக் சாஷே கொண்டு வந்தால்தான் இலவசம் என்று மாற்றினார். கிராமங்களில் பையன்களை உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். சீயக்காய்த் தலைகள் நுரை கண்ட காலம் அது. பிறகு பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளே சாஷேக்கு இறங்கி வந்தன. அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

ஆக, தென்னாற்காட்டுப் பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கிய சரக்கு, இருபது வருடம் கழித்து மிச்சிகனில் கோட்பாடாக எழுந்தது. கதை இதோடு முடிந்தால் நமக்குப் பெருமை மட்டும்தான் மிச்சம். ஆனால் அதே மிச்சிகனில் அனில் கர்நானி என்ற இன்னொரு பேராசிரியர் 2007இல் எதிர்க்கட்டுரை எழுதினார். ஏழையை வாடிக்கையாளராகப் பார்ப்பது பெரும்பாலும் கானல் நீர்; சிறு பொட்டலம் வசதிதான், ஆனால் அதனால் ஏழையின் வாங்கும் சக்தி கூடிவிடாது; அவரை உற்பத்தியாளராக்கி வருமானத்தைக் கூட்டுவதே வழி என்று வாதிட்டார். ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் மதித்து, அச்சில் மோதிக்கொண்டார்கள். சாஷே காலியானதும் பிளாஸ்டிக் எங்கே போகிறது என்பது மூன்றாவது கேள்வி. அதற்கான விடையை நம் ஊர்ச் சாக்கடைகளில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வருவோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் 1960களின் கடைசியில் அரசு கலைக்கல்லூரிகள் வந்தன. சாதாரண வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், பஸ்ஸில் போய்வந்து டிகிரி வாங்கியது இவற்றால்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இவை, 2002க்குப் பின் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2021இல் விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் சட்டமாகி, அதே வருடம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1929இல் சிதம்பரத்தில் பிறந்த அண்ணாமலை இன்றைக்கு நம் கல்லூரிகளுக்குத் தாய். அங்கே படித்து, அங்கேயே பாடம் நடத்தி, பிறகு அமெரிக்காவில் கெல்லாக் வணிகப் பள்ளியில் கணக்கியல் பேராசிரியரானவர் பாலா பாலச்சந்திரன். சென்னையில் கிரேட் லேக்ஸ் நிர்வாகப் பள்ளியை 2004இல் தொடங்கியவரும் அவரே. வழி அடைபட்டிருக்கவில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நம் பக்கத்தில் நடக்கும் மார்க்கெட்டிங் பிஎச்.டி.க்கு ஓர் அச்சு உண்டு. "இன்ன பொருள் மீது நுகர்வோரின் மனப்பான்மை - விழுப்புரம் மாவட்டத்தைச் சிறப்பு நோக்காகக் கொண்டு ஓர் ஆய்வு." கேள்வித்தாளில் ஐந்து கட்டம்: முழுவதும் ஒப்புகிறேன் தொடங்கி முழுவதும் மறுக்கிறேன் வரை. பிறகு சதவீதம், கை வர்க்கம், காரெட் தரவரிசை. முடிவில் விலையைக் குறைக்கலாம், தரத்தைக் கூட்டலாம் என்று பரிந்துரை. இந்த ஐந்து கட்ட அளவுகோலைக் கண்டுபிடித்தவர் ரென்சிஸ் லிக்கர்ட். அதுவே 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு. மனதை எப்படி அளப்பது என்று அவர் தவித்துக் கண்டுபிடித்த கருவியை, நாம் தவிப்பை விட்டுவிட்டுக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மாவட்டத்தின் பெயர் தலைப்பில் இருக்கிறது; மாவட்டம் உள்ளே இல்லை. விழுப்புரத்தை எடுத்துவிட்டு வேலூரைப் போட்டாலும் ஆய்வேடு அப்படியே நிற்கும் என்றால் அது எப்படி விழுப்புரம் ஆய்வு?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விதிகள் அடிக்கடி மாறின. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கு நெட் தேர்வு 1989இல் வந்தது. 2009க்குப் பின் பிஎச்.டி.க்கு நுழைவுத் தேர்வும் பாடவகுப்பும் கட்டாயமாயின. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக டாக்டர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் விதி வந்தது, அமல் தள்ளிப்போனது, 2023 ஜூலையில் அந்தக் கட்டாயமே எடுக்கப்பட்டு, நெட், செட், ஸ்லெட் போதும் என்றாயிற்று. 2022இல் எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. ஆய்விதழ்ப் பட்டியல் ஒன்று வந்தது, 2025இல் அதுவும் போனது. ஓடுகிறவன் கால் பதிக்கும் முன் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. பட்டம் வாங்கியவர்கள் பலர் கௌரவ விரிவுரையாளராக, வருடக் கணக்கில் அடுத்த ஆட்சேர்ப்பு அறிவிப்பைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். வயது நாற்பதைத் தொடுகிறது. இதைச் சொல்லாமல் பிஎச்.டி. படி என்று ஒருவரைத் தூண்டுவது நியாயம் இல்லை.

ஆகவே என் கருத்து இது. நிரந்தர உத்தியோகத்துக்கு மட்டும் என்றால், முதலில் நெட் தேர்வை முடியுங்கள், அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம், வீட்டுக்குப் பாரம் இல்லை. ஐஐஎம்களில் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. நம் பக்கத்திலேயே 2011இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவை டாக்டர் பட்டமே கொடுக்கின்றன. அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகங்கள் மார்க்கெட்டிங் முனைவர் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, மாதப்படி தருகின்றன. முதுநிலைக்குக் கடன் வாங்கிப் போவது போல் அல்ல இது. நாலைந்து வருடம் ஆகும். அங்கே இரண்டு பாதை: ஒன்று மனோதத்துவம் வழியாக நுகர்வோரைப் படிப்பது, மற்றது கணக்கும் பொருளாதாரமும் வழியாகப் படிப்பது. நம் பிள்ளைகளுக்குக் கணக்கு கைவரும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதை இன்றே தொடங்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேருவதற்கு முன் வழிகாட்டப் போகிறவரின் மாணவர்கள் எழுதிய இரண்டு ஆய்வேட்டையாவது படித்துப் பாருங்கள். பெண் பார்ப்பதற்கு முன் நாலு இடம் விசாரிக்கிற நாம், ஐந்து வருடத்தைக் கொடுக்கப் போகிற இடத்தை விசாரிக்க வேண்டாமா?

கேள்வி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அதற்கு மிச்சிகன் போக வேண்டாம். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் காலையில் விழுப்புரம் கமிட்டிக்குப் போய் நின்று பாருங்கள். ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தும் சில விவசாயிகள் ஏன் இன்னும் கிராமத்து வியாபாரியிடமே போடுகிறார்கள்? அவர் கொடுத்த முன்பணமா, தாத்தா காலத்துப் பழக்கமா, வண்டி வாடகையா, அல்லது பணம் அன்றைக்கே கைக்கு வருவதா? ஒவ்வொன்றுக்கும் என்ன எடை? சீனு ஸ்ரீனிவாசனின் கருவியை வைத்துக்கொண்டு இதை ஒரு பிள்ளை அளந்தால், அந்த ஆய்வேட்டில் விழுப்புரத்தை எடுத்துவிட்டு வேறு ஊரைப் போட முடியாது. இருவேல்பட்டுக்கு நூறு வருடமாக வெளியூர்க்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து போயிருக்கிறார்கள். அடுத்த நோட்டுப் புத்தகம் நம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் கையில் இருக்கட்டும்.